அமைதிப்படை சுடத் தொடங்கினால் யார் எதிரி?



சில வாரங்களுக்கு முன்பு ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், என் பழைய கட்சிக்காரர், காசா செய்தியைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தார். "ஐ.நா. பட்டாளத்தை எறக்கி, சுடறவன எல்லாம் சுட்டுத் தள்ளணும் தம்பி. சும்மா நீலத் தொப்பியப் போட்டுக்கிட்டு பைனாகுலர்ல பாக்குறதுக்கா பட்டாளம்? 2009-ல நம்ம சனத்துக்கும் அனுப்பியிருந்தா முள்ளிவாய்க்கால் நடந்திருக்குமா?" என்றார்.

நான் சொன்னேன்: "1987-ல அனுப்பினாங்களே அண்ணே."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அது இந்தியா. ஐ.நா. இல்ல. அதையும் இதையும் கலக்காதீங்க லோயர்" என்றார்.

அவர் சொன்னது சரியான பாயிண்ட். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்திருந்தால் நானும் அதைத்தான் எழுப்பியிருப்பேன். ஆனாலும் அந்தப் பதில் என்னை விடவில்லை. பாதிக்கப்பட்ட மக்கள் என்று வரும்போது நாம் எல்லாருமே "படையை அனுப்பு" என்று மகஜர் எழுதுகிறோம். தூதரகத்தின் முன்னால் பதாகை பிடிக்கிறோம். வந்த படை அங்கே என்ன செய்ய வேண்டும், யாரைச் சுடலாம், தவறாகச் சுட்டால் யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட எழுதுவதில்லை. நானும் எழுதியதில்லை. 2009-இல் நான் தயாரித்த மகஜரின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. "உடனடியாக அமைதிப்படையை அனுப்புக" என்று ஒரே வரி. அவ்வளவுதான்!

1987-இல் நான் சிறுவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். தமிழ் நேசனை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்குப் போன அன்று "நம்ம பட்டாளம் போயிருச்சு, இனி ஒரு பயலும் கை வைக்க முடியாது" என்று அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. நாங்கள் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு யாரும் இல்லை. ஆனாலும் அப்பாவுக்கு அது "நம்ம பட்டாளம்". யாழ்ப்பாணத்து மக்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மாலை போட்டு வரவேற்றார்கள்.

அந்தப் படை எப்படி வந்தது என்பதை ஒரு வழக்கறிஞரின் கண்ணால் பாருங்கள். 1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எந்த ஒப்பந்தம் என் மேசைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது கையெழுத்துப் பகுதியைத்தான். சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் இலங்கை அரசும் தமிழ்ப் போராளிகளும். கையெழுத்துப் போட்டவர்கள் இலங்கை அரசும் இந்திய அரசும்! 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும், அதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதினார்கள். கையெழுத்தே போடாத ஒருவர் மீது கடமையைச் சுமத்தும் ஒப்பந்தம் இது. வாடகை வீட்டு வழக்கில்கூட இது நிற்காது. அதோடு, இணைப்பில் ஒரு வரி இருக்கிறது. தேவைப்பட்டால் இலங்கை ஜனாதிபதி இந்திய அமைதிகாப்புப் படையை அழைக்கலாம், அது போர்நிறுத்தத்தை உறுதிப்படுத்தவும் அமல்படுத்தவும் செய்யும் என்பது அதன் சாரம். எல்லா வினையும் அந்த 'அமல்படுத்த' என்ற சொல்லில்தான் இருந்தது.

ஐ.நா. அமைதிப்படைக்கு மூன்று அடிப்படை விதிகள் உண்டு. சண்டை போடும் தரப்புகளின் சம்மதம் வேண்டும். பாரபட்சம் கூடாது. தற்காப்புக்கும் தனக்குக் கொடுக்கப்பட்ட பணியைக் காப்பதற்கும் தவிர ஆயுதத்தைத் தொடக்கூடாது. 1956-இல் சூயஸ் நெருக்கடிக்கு அனுப்பப்பட்ட முதல் படையிலிருந்து இந்த மரபு வருகிறது. 1987 ஜூலை 30ஆம் தேதி பலாலியில் இறங்கிய படைக்கு முதல் விதி பாதிதான் இருந்தது. மற்ற இரண்டும் பத்து வாரம்தான் தாங்கின.

அந்தப் பத்து வாரத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 4-இல் சுதுமலையில் பிரபாகரன் பேசினார். ஆயுதங்களை ஒப்படைப்பதோடு தமிழ் மக்களின் பாதுகாப்புப் பொறுப்பும் இந்தியாவிடம் போகிறது என்றார். மறுநாள் கொஞ்சம் ஆயுதம் ஒப்படைக்கப்பட்டது. செப்டம்பர் 15-இல் நல்லூரில் திலீபன் உண்ணாவிரதம் தொடங்கினார், 26-இல் இறந்தார். அக்டோபர் 5-இல், பலாலியில் இலங்கைப் படையின் பிடியில் இருந்த புலிகளில் குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 பேர் சயனைட் கடித்து இறந்தார்கள். அதன்பின் புலிகள் தங்களிடம் இருந்த சிங்களச் சிப்பாய்க் கைதிகளைக் கொன்றார்கள், கிழக்கில் சிங்களப் பொதுமக்களையும் கொன்றார்கள். நம் மேடைகளில் இந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் நடக்காததாகிவிடுமா?

அக்டோபர் 10-க்குப் பிறகு "ஆபரேஷன் பவன்". யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் போர். 11ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய காலாட்படைப் பிரிவின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். ஒருவர் பிடிபட்டார். பஞ்சாப் கிராமங்களிலிருந்து, தமிழ் தெரியாமல், சமாதானத்துக்குப் போகிறோம் என்று வந்த ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளைகள். அந்த இரவுக்குப் பிறகு அங்கே அமைதிப்படை இல்லை. பெயர் மட்டும்தான் மிச்சம்.

பத்து நாள் கழித்து, அக்டோபர் 21. தீபாவளி. யாழ்ப்பாணம் பொது மருத்துவமனை. வெளியே ஷெல் விழுந்துகொண்டிருந்ததால் நோயாளிகளும் ஊழியர்களும் எக்ஸ்ரே பிரிவுப் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். அன்று பிற்பகல் இந்தியச் சிப்பாய்கள் உள்ளே வந்தார்கள். சுட்டார்கள், குண்டு வீசினார்கள். இரவு முழுக்க, செத்தவர்களின் நடுவே செத்தவர்போல் கிடந்து உயிர் பிழைத்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை டாக்டர் சிவபாதசுந்தரம் தாதியரோடு கைகளைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் மருத்துவர்கள் என்று சொல்லியபடி வந்தார். சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்கள் 60-லிருந்து 70 பேர் என்று கணக்கு. மூன்று டாக்டர்கள், தாதியர், ஊழியர்கள், நோயாளிகள்.

இந்தியத் தரப்பு சொன்னது, உள்ளேயிருந்து எங்களைச் சுட்டார்கள் என்பது. புலிகளில் சிலர் ஆயுதத்தோடு வளாகத்துக்குள் வந்தது உண்மைதான். 'முறிந்த பனை' என்ற நூலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். சட்டம் என்ன சொல்கிறது? 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனிவா உடன்படிக்கை, விதி 18, 19. மருத்துவமனைக்குள்ளிருந்து எதிரிக்குக் கேடு செய்தாலும், முதலில் எச்சரிக்கை கொடுக்க வேண்டும், நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும், அதன்பின்தான் அதன் பாதுகாப்பு போகும். இது நாடுகளுக்கு இடையிலான போருக்கு எழுதிய விதி என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் வாதிடலாம். வாதிடட்டும். எல்லா வகைப் போருக்கும் பொதுவான விதி 3 இருக்கிறது. காயம்பட்டவனை, ஆயுதமில்லாதவனைக் கொல்லாதே என்பது அது. கைகளைத் தூக்கிக்கொண்டு வந்த டாக்டருக்கு எந்த விதியைத் தேடிப்பிடித்து விலக்குக் கொடுப்பீர்கள்?

அந்த மருத்துவமனைக்காக இன்றுவரை ஒருவர்கூடக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை.

(அதே வாரத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? அக்டோபர் 27, ஆபரேஷன் லாலாங். ஜெலுத்தோங் எம்.பி. கர்ப்பால் சிங் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இசா சட்டத்தில் உள்ளே போனார்கள். ஸ்டார் பத்திரிகையின் உரிமம் பறிக்கப்பட்டது. பினாங்கில் எல்லாருக்கும் அந்தப் பேச்சுத்தான். யாழ்ப்பாணத்து மருத்துவமனையைப் பற்றி என் அப்பா எப்போது தெரிந்துகொண்டார் என்று எனக்கு நினைவில்லை. "நம்ம பட்டாளம்" என்ற சொல்லை அவர் பிறகு சொல்லிக் கேட்டதில்லை.)

அந்தப் படை ஒரு கட்டத்தில் 70,000 பேருக்கு மேல் வளர்ந்தது. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில், புலிகளின் தாக்குதலில் ஆறு இந்தியச் சிப்பாய்கள் இறந்ததற்குப் பிறகு, 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். யாரை விரட்ட படை வந்ததோ அவர்களுக்கே பிரேமதாசா அரசு ஆயுதம் கொடுத்தது, இந்தியனை வெளியேற்று என்று. இந்தியப் படையோ தன் பங்குக்குத் தெருவில் போகும் தமிழ் இளைஞர்களைப் பிடித்துத் 'தமிழ் தேசிய இராணுவம்' என்று ஒன்று கட்டத் துணை நின்றது. 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21-இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள்தான் செய்தார்கள் என்று அவருடைய தோழர்கள் சொல்கிறார்கள். 1990 மார்ச் 24-இல் கடைசி இந்தியச் சிப்பாயும் கப்பலேறினான். 1,100-க்கும் அதிகமான இந்திய வீரர்கள் பிணமாகியிருந்தார்கள். சென்னையில் திரும்பி வந்தவர்களை வரவேற்கப் போகமாட்டேன் என்று முதலமைச்சர் கருணாநிதி ஒதுங்கிக்கொண்டார். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூர்.

"அது இந்தியா, ஐ.நா. இல்ல" என்றாரே அண்ணன், இப்போது அதற்கு வருகிறேன்.

ஐ.நா.வும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறது. அதில் நம் மலேசியக்காரனின் இரத்தமும் இருக்கிறது. சோமாலியாவில் 1993 ஜூன் 5-இல் 24 பாகிஸ்தானிய அமைதிப்படையினர் கொல்லப்பட்டார்கள். உடனே பாதுகாப்பு மன்றம் தீர்மானம் 837-ஐ நிறைவேற்றியது. பட்டினிக்குச் சோறு கொடுக்கப் போன பணி ஐடீட் என்ற ஒரு தளபதியைத் தேடும் வேட்டையாக மாறியது. ஜூலை 12-இல் கூட்டம் நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் தாக்கின, உள்ளே குலப் பெரியவர்களும் இருந்தார்கள். அதுவரை ஐடீடைப் பிடிக்காதவர்கள்கூட அன்றிலிருந்து வெளிநாட்டுப் படைக்கு எதிரிகள் ஆனார்கள். அக்டோபர் 3-இல் அமெரிக்கர்கள் தனியாக ஒரு வேட்டைக்குப் போய், இரண்டு ஹெலிகாப்டர்களைப் பறிகொடுத்து, நகரத்தின் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை மீட்கப் போனவை மலேசியப் படையின் கொண்டோர் கவச வண்டிகளும் பாகிஸ்தானிய டாங்கிகளும். மாட் அஸ்னான் அவாங் என்ற நம் நாட்டு வீரர் அந்த இரவில் உயிரிழந்தார். 18 அமெரிக்கர்கள் இறந்தார்கள், சோமாலியர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். ஹாலிவுட் 2001-இல் படம் எடுத்தது, அதில் மலேசியர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2023-இல் நம் நாட்டிலேயே 'மால்பாட்' படம் வந்தது, பலர் பார்த்திருப்பீர்கள். அந்த வீரர்கள் மீட்கப் போனவர்கள். அவர்கள் துணிச்சலில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களை அந்தத் தெருவுக்குக் கொண்டுபோன வேட்டையைப் பற்றித்தான் என் கேள்வி.

அதற்கு இருபது வருடம் கழித்து, 2013 மார்ச் 28-இல், தீர்மானம் 2098. கொங்கோவில் தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி வீரர்கள் அடங்கிய சுமார் 3,000 பேர் கொண்ட தாக்குதல் படையை ஐ.நா.வே அமைத்தது. ஆயுதக் குழுக்களைச் செயலிழக்கச் செய்வது அதன் வேலை. காத்திருந்து காப்பதற்கு அல்ல, தேடிப்போய் அடிப்பதற்கு. இது விதிவிலக்கு, முன்னுதாரணம் ஆகாது என்று தீர்மானத்திலேயே எழுதிவைத்தார்கள். முன்னுதாரணம் ஆகாது என்று எழுத வேண்டி வந்தாலே அது முன்னுதாரணம் ஆகப்போகிறது என்று எந்த வக்கீலுக்கும் தெரியும்! அந்த ஆண்டு நவம்பரில் எம்23 என்ற குழு தோற்றது. எல்லாரும் கைதட்டினார்கள். சில ஆண்டுகளில் அதே எம்23 திரும்பி வந்தது. 2022-இல் கொங்கோ மக்களே ஐ.நா. படை வெளியேற வேண்டும் என்று தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் கோமா நகரம் எம்23 கையில் விழுந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அமைதிப்படை துப்பாக்கியையே தொடக்கூடாது என்று நான் சொல்லவருவதாக நினைக்காதீர்கள். ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995-இல் நெதர்லாந்து அமைதிப்படை இருந்தது. 8,000-க்கும் அதிகமான ஆண்களும் பையன்களும் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ருவாண்டாவில் 1994-இல் கொலை தொடங்கியதும் ஐ.நா. தன் படையைச் சில நூறு பேராகக் குறைத்துக்கொண்டது. நமக்கோ? 2008 செப்டம்பரில் கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. அலுவலர்கள் வண்டி ஏறியபோது, போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். அடுத்த எட்டு மாதத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா.வின் நிபுணர் குழுவே 2011-இல் எழுதியது. தன் கடமையில் தவறியதாக 2012-இல் ஐ.நா.வின் உள் விசாரணையும் ஒப்புக்கொண்டது. அந்த வாசலில் ஒரு பட்டாலியன் துப்பாக்கியோடு நின்று, மருத்துவமனையின் மேல் ஷெல் அடித்தவனைத் திருப்பி அடித்திருந்தால் நான் எதிர்த்திருக்கமாட்டேன்.

அப்படியானால் கோடு எங்கே? என் கருத்து இது. மக்களுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நின்று சுடுவது ஒன்று. ஒரு எதிரியைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்து, அவனைத் தேடி மக்களின் வீட்டுக்குள் போவது வேறொன்று. முதலாவதில் பொதுமகன் காக்கப்பட வேண்டியவன். இரண்டாவதில் அவன் சந்தேகத்துக்குரியவன், எதிரியை ஒளித்து வைத்திருப்பவன். 1987 ஆகஸ்டில் மாலை போட்ட அதே அம்மா, அக்டோபரில் சந்தேகத்துக்குரியவள் ஆனாள். சிப்பாய் கெட்டவனாக மாறியதால் அல்ல, அவனுக்குக் கொடுத்த வேலை மாறியதால். இந்தியப் படையின் தளபதியாக இருந்த ஹர்கிரத் சிங் பின்னாளில் எழுதினார், பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைப் பிடிக்க அல்லது சுடச் சொல்லி இந்தியத் தூதரிடமிருந்து தனக்கு உத்தரவு வந்தது, தான் மறுத்தேன் என்று. ஒரு தரப்பின் தலைவனைச் சுடலாமா என்று தொலைபேசியில் பேசிக்கொள்ளும் நிலை வந்த பிறகு அங்கே நடுவர் எங்கே இருக்கிறார்?

நம் ஆட்களுக்கு இது புதிதும் அல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர்களை அடக்க இராணுவம் வந்தது ஒழுங்கைக் காக்கத்தான். 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் எஃப்.ஆர்.யூ. நம் மேல் கண்ணீர்ப்புகை அடித்ததும் அமைதியைக் காக்கத்தான்!

இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அமைதிப்படையாக யார் வருகிறார்கள்? ஹைட்டியில் பணியாற்றிய இலங்கைச் சிப்பாய்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர், சிறுமிகளையும் சிறுவர்களையும் பாலியல் சுரண்டல் செய்த குற்றச்சாட்டில் 2007-இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒருவரும் சிறைக்குப் போகவில்லை என்று 2017-இல் ஏ.பி. செய்தி நிறுவனம் வெளியிட்டது. காரணம் எளிது. நீலத் தொப்பி போட்டவன் குற்றம் செய்தால் குற்றம் நடந்த நாட்டு நீதிமன்றம் அவனைத் தொட முடியாது, அவனுடைய சொந்த நாடுதான் விசாரிக்க வேண்டும். ஐ.நா.வின் 1990ஆம் ஆண்டு மாதிரி ஒப்பந்தமே அப்படித்தான் சொல்கிறது. தன் மக்களைக் கொன்றதற்கே விசாரணை வைக்காத நாடு, ஹைட்டிப் பிள்ளைக்காகவா வைக்கும்? நெதர்லாந்தில் மட்டும் தாய்மார்கள் விடாமல் வழக்குப் போட்டார்கள். 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், படைமுகாமிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட 350 ஆண்களின் சாவுக்கு அரசு 10 விழுக்காடு பொறுப்பு என்றது. பத்தே பத்து விழுக்காடு. அதற்கே இருபத்துநாலு வருடம் பிடித்தது.

2025 நவம்பர் 17-இல் பாதுகாப்பு மன்றம் தீர்மானம் 2803-ஐ நிறைவேற்றிக் காசாவுக்கு ஓர் அனைத்துலகப் படையை அனுமதித்தது. ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. அது நீலத் தொப்பிப் படை அல்ல. அதன் வேலைகளில் ஒன்று ஆயுதக் குழுக்களிடமிருந்து ஆயுதங்களைக் களைவது. தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்கிறது தீர்மானம். இதைப் படித்தபோது எனக்கு 72 மணி நேரக் கெடுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் குழு இனி எழுதும் மகஜரில் மூன்று கேள்விகளைச் சேர்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். வரும் படை யாரைக் காக்க வருகிறது, அல்லது யாரைத் தேடி வருகிறது? எல்லாத் தரப்பும் சம்மதித்ததா? அந்தப் படையால் ஒரு பிள்ளை செத்தால் அதன் தாய் எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவாள், அந்த நீதிமன்றத்தின் பெயர் என்ன? புத்ராஜெயாவுக்கு அனுப்பும் கடிதத்திலும் இதையே கேட்போம். ஏனென்றால் மலேசியாவும் 1960-இல் கொங்கோவுக்குப் போனதிலிருந்து படை அனுப்பும் நாடு.

நகலை அந்த லோரி அண்ணனிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "எல்லாம் சரி தம்பி. ஆனா இத்தனை கேள்வி கேட்டுக்கிட்டிருந்தா அதுக்குள்ள சனம் செத்துப் போகாதா?" என்றார்.

அதற்கும் என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. 1987-இல் ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாளே படை இறங்கிவிட்டது, அவசரத்தில் குறையே இல்லை. ஆனால் கிளிநொச்சி வாசலில் நின்றவர்களுக்கு அவகாசமே இல்லை என்பதும் உண்மைதான். அண்ணன் பேனாவை வாங்கி, மூன்றாவது கேள்வியின் கீழே கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். முதல் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.